மைல் சேர்த்து நெடுந்தூரம் பறப்பது: என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மகள் பிரிட்டனில் படித்த நான்கு ஆண்டுகளில்தான் இந்த மைல் கணக்கை நான் ஒழுங்காகக் கற்றுக்கொண்டேன். அதிலிருந்து கல்யாண விருந்தில், அலுவலகச் சாப்பாட்டு மேசையில், தேக்கா சந்தையில் மீன் வாங்கும் வரிசையில் என்று எங்கே போனாலும் யாராவது கைப்பேசியைத் திறந்து, "இது எதுக்கு உதவும்னு பாருங்களேன்" என்கிறார்கள். திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளை, கேட்டவர்களின் வாய்மொழியிலேயே கீழே எழுதியிருக்கிறேன். நான் விமான நிறுவனத்திலோ வங்கியிலோ வேலை செய்பவள் அல்ல. சிங்கப்பூரில் பெரும்பாலானோர் வைத்திருப்பது சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் கிரிஸ்ஃபிளையர் கணக்கு என்பதால் பேச்சு அதைச் சுற்றியே இருக்கும். கட்டணங்கள் மாறுகிறவை, பதிவு செய்யும் அன்று ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

அக்கா, முதல்ல இந்த மைல்னா என்ன? நான் பறந்த தூரமா?

மைல் என்பது விமான நிறுவனம் உங்கள் கணக்கில் போடும் புள்ளி, சேர்ந்ததும் அதைக் கொடுத்து டிக்கெட் எடுக்கலாம். ஆரம்பத்தில் அது பறந்த தூரமாகத்தான் இருந்தது. 1981இல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் இப்படியொரு திட்டத்தைப் பெரிய அளவில் கொண்டுவந்தபோது, பறந்த தூரம் எத்தனை மைலோ அத்தனை மைல் கணக்கில் ஏறியது. கிரிஸ்ஃபிளையர் 1999இல் வந்தது. இன்றைக்குத் தூரம் கணக்கில் ஒரு பங்குதான். சிங்கப்பூரிலிருந்து சென்னை சுமார் 1,800 மைல். ஆனால் மலிவு எகானமி டிக்கெட் எடுத்திருந்தால் அதில் பாதிதான் விழும்.

இன்னொன்று: கணக்கில் இரண்டு எண்கள் தெரியும். ஒன்று செலவு செய்யக்கூடிய மைல். மற்றது எலீட் மைல். அது தகுதிநிலைக்கானது, பன்னிரண்டு மாதத்தில் 25,000 சேர்ந்தால் சில்வர், 50,000 சேர்ந்தால் கோல்டு. கிரெடிட் கார்டில் செலவு செய்து சேர்க்கும் மைல் இந்த இரண்டாவது கணக்கில் ஏறாது. "மூணு லட்சம் மைல் வச்சிருக்கேன், லவுஞ்சுக்குள்ள விடமாட்டேங்குறான்" என்று ஒருவர் சாங்கி விமான நிலையத்திலிருந்தே போன் போட்டார். இதுதான் காரணம்.

நான் வருஷத்துக்கு ஒரு தடவை தீபாவளிக்கு ஊருக்குப் போவேன், அவ்வளவுதான். எனக்கு எதுக்கு இதெல்லாம்?

பறந்து மட்டும் சேர்ப்பதாக இருந்தால் வேண்டாம் என்றே சொல்வேன். சென்னைக்கு மலிவு டிக்கெட்டில் போய் வந்தால் சுமார் 1,800 மைல். லண்டனுக்கு ஒருவழி பிசினஸ் இருக்கை, மலிவான விகிதத்திலேயே ஒரு லட்சம் மைலுக்குச் சற்று மேல். வகுத்துப் பாருங்கள்: ஐம்பத்தைந்து தீபாவளிக்கும் மேல்.

சிங்கப்பூரில் மைல் வருவது வானத்திலிருந்து அல்ல, ஃபேர்பிரைஸ் பேரங்காடியிலிருந்து. மளிகை, பள்ளிப்பை, பிள்ளைக்குச் சைக்கிள் என்று எப்படியும் ஆகப்போகிற செலவைச் சரியான கார்டில் போடுவதுதான் முழு வித்தையும். அது உங்களுக்கு ஒத்துவராது என்றால் பணமாகத் திருப்பித் தரும் கார்டை வைத்துக்கொண்டு நிம்மதியாக இருக்கலாம். அதில் வெட்கம் எதுவும் இல்லை.

திருச்சிக்கு மூணு தடவை போயிட்டு வந்தேன். ஒரு மைல்கூட விழலையே?

எதில் போனீர்கள் என்பதுதான் கேள்வி. இண்டிகோவிலும் ஏர் இந்தியா எக்ஸ்பிரஸிலும் போனால் கிரிஸ்ஃபிளையர் மைல் கிடையாது. சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் மலிவு விமான நிறுவனமான ஸ்கூட்டில் விழும், ஆனால் சொற்பம். ஏர் இந்தியா 2014இல், சிங்கப்பூர் ஏர்லைன்ஸும் இருக்கும் ஸ்டார் அலையன்ஸ் என்ற விமான நிறுவனக் கூட்டணியில் சேர்ந்தது. அதில் போனால் டிக்கெட்டின் வகைக்கேற்ப விழும். எக்ஸ்பிரஸ் அதன் துணை நிறுவனம்தான் என்றாலும் கூட்டணியில் இல்லை. பெயர் ஒன்றாக இருப்பதால் இங்கேதான் பாதிப் பேர் ஏமாறுகிறார்கள்.

சரியான விமானத்தில் போயும் விழவில்லை என்றால், உறுப்பினர் எண்ணை டிக்கெட்டில் போட மறந்திருப்பீர்கள். ஆறு மாதத்துக்குள் இணையத்தில் கேட்டு வாங்கலாம். மைல் கணக்கில் ஏறும்வரை போர்டிங் பாஸைக் கிழித்துப் போடாதீர்கள்.

எண்ணெல்லாம் சரியாத்தான் போட்டேன். "பெயர் பொருந்தவில்லை"ன்னு வருதே?

தமிழர்களிடம் நான் அதிகம் கேட்கும் புகார் இதுதான். பிழை நம் பெயரில் இல்லை. எல்லாருக்கும் குடும்பப்பெயர் ஒன்று, சொந்தப்பெயர் ஒன்று இருக்கும் என்று நினைத்துக் கட்டப்பட்ட கணினி அமைப்பில்தான் பிழை. நமக்கு இருப்பதோ சொந்தப்பெயரும் அப்பா பெயரும்.

இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களில் பலருக்குக் குடும்பப்பெயர்க் கட்டம் காலியாக இருக்கும். விமான அமைப்பு அதைக் காலியாக விடாது. அதனால் ஒரு டிக்கெட்டில் பெயர் முழுவதும் குடும்பப்பெயராக நிற்கும். இன்னொன்றில் அதே பெயர் இரண்டு தடவை வரும். முகவர் எடுத்துத் தந்த மூன்றாவது டிக்கெட்டில் அப்பா பெயர் முன்னால் போயிருக்கும். சிங்கப்பூர்க் கடவுச்சீட்டுக்காரர்களுக்கு வேறு தலைவலி: "முத்துவேல் எஸ்/ஓ கருப்பையா" என்பதில் இருக்கும் சாய்கோட்டை விமான அமைப்பு ஏற்காது, ஏனென்றால் அங்கே அந்தக் கோடு இரண்டு பெயர்களைப் பிரிக்கும் குறி. எனவே அது "எஸ்ஓ" என்று ஒட்டிக்கொண்டோ, அடியோடு விடுபட்டோ வரும்.

நான் சொல்லும் வழி: கடவுச்சீட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அதில் உள்ள எழுத்து வரிசையிலேயே கிரிஸ்ஃபிளையர் கணக்கைத் திறங்கள். முதலெழுத்துச் சுருக்கம் வேண்டாம், கூப்பிடும் பெயர் வேண்டவே வேண்டாம். பிறகு ஒவ்வொரு டிக்கெட்டையும் அந்தக் கணக்கில் உள்ளபடியே எடுங்கள். கணக்கு ஏற்கெனவே தப்பாக இருந்தால், டிக்கெட் எடுக்கும் முன் ஆவணம் அனுப்பித் திருத்துங்கள். கல்யாணத்துக்குப் பின் கடவுச்சீட்டில் பெயர் மாற்றியவர்களுக்கும் இதே. என் தங்கை கணக்கைத் திருத்த மறந்து, எடுத்த டிக்கெட்டைச் சரிசெய்ய ஒரு முழு மதியம் தொலைபேசியில் காத்துக் கிடந்தாள்.

சரி, எந்தக் கார்டு எடுக்கறது? பேரைச் சொல்லுங்க, போதும்.

பெயரைச் சொன்னால் ஆறு மாதத்தில் அது பொய்யாகிவிடும். வங்கிகள் விதிகளை அவ்வளவு வேகமாக மாற்றுகின்றன. வகையைச் சொல்கிறேன். எதை வாங்கினாலும் ஒரு வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலருக்கு) 1.2 முதல் 1.4 மைல் வரை தரும் பொதுக் கார்டுகள் ஒரு வகை. குறிப்பிட்ட செலவுக்கு மட்டும், அதாவது இணையத்தில் வாங்கினால் அல்லது தொட்டுக் கட்டினால், வெள்ளிக்கு 4 மைல் தரும் சிறப்புக் கார்டுகள் இன்னொரு வகை. சிறப்புக் கார்டுக்கு மாத வரம்பு இருக்கும், பெரும்பாலும் 1,000 வெள்ளியை ஒட்டி. வரம்பைத் தாண்டிய ஒவ்வொரு வெள்ளிக்கும் 0.4 மைல்தான். ஆகவே முதல் ஆயிரம் சிறப்புக் கார்டில், மிச்சம் பொதுக் கார்டில்.

எல்லாக் கடையும் ஒன்றல்ல. வணிகர் ஒவ்வொருவருக்கும் கார்டு நிறுவனம் ஒரு வகைக் குறியீடு கொடுத்திருக்கிறது. காப்புறுதிச் சந்தா, மருத்துவமனைக் கட்டணம், தண்ணீர் மின்சாரக் கட்டணம், அரசாங்கக் கட்டணம், நன்கொடை போன்றவற்றுக்குப் பல வங்கிகள் மைல் தருவதில்லை. சிராங்கூன் ரோட்டில் மகள் கல்யாணத்துக்கு நகை வாங்கும்போது ஒரே இரவில் பெரிய கணக்கு வரும் என்று கனவு காண்பவர்கள் இரண்டைப் பார்க்க வேண்டும்: மேலே சொன்ன மாத வரம்பு, கார்டில் கட்டினால் கடைக்காரர் விலையில் எவ்வளவு கூட்டுகிறார் என்பது. பணத்துக்கு ஒரு விலை, கார்டுக்கு ஒரு விலை என்றால் பணமே கொடுங்கள்.

கார்டு கிடைக்கக் குறைந்தது ஆண்டுக்கு 30,000 வெள்ளி வருமானம் வேண்டும். வெளிநாட்டு வேலை அனுமதியில் இருப்பவர்களிடம் பல வங்கிகள் இன்னும் கூடுதலாகக் கேட்கும். கடைசியாக, நான் விட்டுக்கொடுக்காத ஒரு விதி. இங்கே கார்டுக் கடனுக்கு வட்டி ஆண்டுக்கு 26 விழுக்காட்டுக்கும் மேல். ஒரே ஒரு மாதம் பாக்கி வைத்தாலும் அந்த மாத மைலின் மதிப்பை வட்டி தின்றுவிடும். மாதாமாதம் முழுத்தொகையையும் கட்ட முடியாதவர்கள் இந்தப் பக்கத்தை இத்துடன் மூடிவிடலாம்.

பேங்க் பாயிண்ட்டை உடனே மைலா மாத்திடணுமா?

அவசரப்பட வேண்டாம். கார்டில் முதலில் சேர்வது வங்கியின் புள்ளிதான், அதைப் பிறகுதான் மைலாக மாற்றுகிறோம். வங்கியிலிருந்து விமானக் கணக்குக்குப் போனது திரும்பி வராது. போன நாளிலிருந்து அடுத்த கேள்வியில் சொல்லப்போகும் கடிகாரமும் ஓடத் தொடங்கிவிடும். ஒவ்வொரு மாற்றத்துக்கும் பல வங்கிகள் 25 வெள்ளியை ஒட்டி வாங்குகின்றன, அதனால் சிறுகச் சிறுக மாற்றுவதும் நட்டம்.

ஆனால் கடைசி நிமிடம்வரை காத்திருப்பதும் ஆகாது. மாற்றம் வந்துசேரச் சில நாள் ஆகலாம், அதற்குள் பார்த்துவைத்த இருக்கையை வேறொருவர் எடுத்துவிடுவார். ஊர் முடிவாகி, தேதி ஏறத்தாழத் தெரிந்ததும் மாற்றுங்கள். உங்கள் வங்கிப் புள்ளிகளுக்கே காலாவதி உண்டா என்பதையும் பாருங்கள். சில கார்டுகளில் ஓராண்டு, சிலவற்றில் இரண்டாண்டு, சிலவற்றில் இல்லவே இல்லை.

மைலுக்குக் காலாவதி உண்டாமே? அரிசி மூட்டையா இது?

அரிசிகூட நாள்பட்டால் நல்ல சோறாகும். மைல் அப்படியல்ல. கணக்கில் ஏறி மூன்று ஆண்டு முடியும் மாதக் கடைசியில் காணாமல் போய்விடும். கொஞ்சம் செலவு செய்தால் மிச்சம் அத்தனைக்கும் ஆயுள் நீளும் என்று சில வெளிநாட்டுத் திட்டங்களில் உண்டு. இங்கே அது இல்லை. ஒவ்வொரு மாதம் ஏறியதும் அந்தந்த மாதக் கணக்கில் தனித்தனியாகச் சாகும். கட்டணம் கட்டி ஆறு மாதம் நீட்டலாம், ஆனால் காலாவதி ஆவதற்கு முன்பே கேட்க வேண்டும்.

2020இல் எங்கும் பறக்க முடியாமல் இருந்தபோது, "எப்படியும் இருக்கும்" என்று வேறொரு வெளிநாட்டு விமானத் திட்டத்தின் கணக்கை நான் திறந்தே பார்க்கவில்லை. திறந்தபோது 31,000 மைல் பூஜ்யமாகியிருந்தது. கடிதம் எழுதினேன், பணிவாக ஒரு மறுப்பு வந்தது. விதிப்படி அவர்கள் சொன்னது சரிதான். அன்றிலிருந்து சமையலறை நாள்காட்டியில் மைல் தேதியையும் குறித்துவைக்கிறேன்.

ஒரு நல்ல செய்தி: காலாவதி தேதிக்குள் டிக்கெட் எடுத்துவிட்டால் போதும். பயணம் அதற்குப் பல மாதம் கழித்து இருக்கலாம்.

என் மைல்ல அம்மாவுக்கு டிக்கெட் போடலாமா? வீட்டுக்காரர் மைலையும் என் மைலையும் சேர்க்கலாமா?

முதலாவதற்கு ஆம். கணக்கில் ஐந்து பேர்வரை நியமித்து, அவர்களுக்கு உங்கள் மைலில் டிக்கெட் எடுக்கலாம். நீங்கள் கூடப் போகவேண்டும் என்றில்லை. ஆனால் ஐந்து இடமும் நிரம்பியபின் ஒருவரை எடுத்துவிட்டு இன்னொருவரைப் போடக் கட்டணம் உண்டு. அதனால் நண்பருக்கு ஒரு தடவை உதவ என்று இடத்தை வீணாக்காதீர்கள். நியமனப் பெயர்களுக்கும் மேலே சொன்ன பெயர்ப் பாடம் முழுசாகப் பொருந்தும்.

இரண்டாவதற்கு இல்லை. கணவன் மனைவி கணக்குகளை ஒன்றாகக் கொட்ட முடியாது. வழி என்னவென்றால், போகும் டிக்கெட்டை ஒருவர் கணக்கிலும் வரும் டிக்கெட்டை மற்றவர் கணக்கிலும் எடுக்கலாம், அல்லது அவரவர் இருக்கையை அவரவர் எடுக்கலாம். பிள்ளைக்கு, சொந்த இருக்கையில் உட்காரும் வயது என்றால், பெரியவர்களுக்கு ஆகும் அதே மைல்தான். அரை டிக்கெட் கிடையாது.

மைல்ல டிக்கெட் எடுக்கப் போனா சேவர், அட்வான்டேஜ்னு ரெண்டு விலை காட்டுதே, எதை எடுக்க?

இருந்தால் சேவர். அதுதான் மலிவு, அதனால்தான் முதலில் தீரும். அட்வான்டேஜுக்கு மைல் கணிசமாகக் கூடுதல், ஆனால் இடம் கிடைக்கும் வாய்ப்பு அதிகம். 2025 நவம்பரில் ஆக்சஸ் என்று மூன்றாவதும் வந்திருக்கிறது. அதில் மைல் விலை தேவைக்கேற்ப ஏறும். அந்த எண்ணைப் பார்த்தால் நெஞ்சு படபடக்கும், பார்த்துவிட்டு மூடிவிடுங்கள்.

சென்னைக்கே போட்டுக்கலாமே? எதுக்கு லண்டன் வரைக்கும் போகணும்?

போடலாம். கணக்குப் போட்டுவிட்டுப் போடுங்கள். சூத்திரம் எளிது: டிக்கெட்டைப் பணம் கொடுத்து வாங்கினால் எவ்வளவு, அதிலிருந்து மைல் டிக்கெட்டுக்கும் கட்டவேண்டிய வரியைக் கழித்து, மைலால் வகுங்கள்.

சென்னைக்குப் போய்வர எகானமி 450 வெள்ளி, வரி 100 வெள்ளி, மைல் போக 20,000, வர 20,000 என்று வைத்துக்கொள்வோம். 350 வெள்ளியை 40,000ஆல் வகுத்தால் மைலுக்கு 0.9 காசுகூட இல்லை. லண்டனுக்குப் போய்வர பிசினஸ் 7,500 வெள்ளி, வரி 500, மைல் 2,20,000 என்று வையுங்கள்: மைலுக்கு 3.2 காசு. அதே மைல், மூன்றரை மடங்குக்கும் மேல் வேலை செய்கிறது. நெடுந்தூரத்துக்கு மைலை வைத்துக்கொள்ளுங்கள் என்று நான் நச்சரிப்பது இதனால்தான்.

இந்தக் கணக்கில் ஒரு பித்தலாட்டம் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். நீங்களும் நானும் 7,500 வெள்ளி கொடுத்து அந்த இருக்கையில் ஒருநாளும் உட்கார்ந்திருக்க மாட்டோம். ஆகவே "ஏழாயிரம் மிச்சம் பிடித்தேன்" என்று ஊரெல்லாம் சொல்லாதீர்கள். பதின்மூன்று, பதினான்கு மணி நேரம் முதுகை நீட்டிப் படுத்துப் போவதற்கு உங்கள் மனம் என்ன விலை கொடுக்கும், ஆயிரமா, இரண்டாயிரமா? அதை வைத்து வகுங்கள். அப்படிப் பார்த்தால் வித்தியாசம் குறையும், அறுபது தாண்டிய முழங்காலுக்கோ கூடும்.

விதிவிலக்கும் உண்டு. தீபாவளி வாரத்திலும் டிசம்பர் பள்ளி விடுமுறையிலும் சென்னை டிக்கெட் 900 வெள்ளிக்கு ஏறிவிட்டது, ஆனால் சேவர் இருக்கை இன்னும் இருக்கிறது என்றால், அது மைலுக்கு 2 காசு. எடுத்துவிடுங்கள். ஊரிலிருந்து திடீரென்று சாவுச் செய்தி வரும்போதும் இப்படித்தான். அந்த நேரத்தில் யாரும் வகுத்துப் பார்க்கக் கூடாது.

மைல் இருக்கு, சீட்டுதான் இல்லை. ஜூன் மாசம் பூரா காத்திருப்பு, காத்திருப்புன்னு வருது. என்ன பண்றது?

சிங்கப்பூரில் பிள்ளை பெற்ற எல்லாரும் ஜூனிலும் டிசம்பரிலும்தான் பறக்கிறார்கள். அதனால் முதல் வழி, சீக்கிரம். இருக்கைகள் பயணத்துக்கு 355 நாள் முன்பே திறக்கின்றன. அடுத்த ஆண்டு ஜூனுக்கு இந்த ஆண்டு ஜூனிலேயே தேடுங்கள். நான்கு இருக்கை ஒரே விமானத்தில் கிடைப்பது குதிரைக்கொம்பு. இரண்டு இரண்டாகத் தேடினால் கிடைக்கும்: அப்பாவும் மகனும் இரவு விமானம், அம்மாவும் மகளும் மறுநாள் காலை.

இரண்டாவது, ஊரை மாற்றிப் பாருங்கள். லண்டன் இல்லையென்றால் பாரிஸ், ஃபிராங்ஃபர்ட், சூரிக், மிலான் எல்லாம் இருக்கின்றன. அங்கே இறங்கி ரயிலிலோ மலிவு விமானத்திலோ போகலாம். ஐரோப்பாவுக்குப் பெரும்பாலும் ஒரே மைல்தான். நாங்கள் மகளின் பட்டமளிப்புக்குப் பாரிஸில் இறங்கி ரயிலில் போனோம். கடலுக்கடியில் ரயில் என்று என் மாமியார் இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

மூன்றாவது, காத்திருப்புப் பட்டியலில் பெயர் போடுங்கள், மைல் உடனே கழியாது. ஆனால் அதை நம்பி விடுப்பும் விடுதியும் உறுதி செய்யாதீர்கள். கைக்குக் கிடைத்த எகானமி இருக்கையை எடுத்து வைத்துக்கொண்டு பிசினஸுக்குக் காத்திருப்பது என் பழக்கம். பட்டியல் நகர்ந்தால் கட்டணம் கட்டி முதலாவதை ரத்து செய்வேன். தேதி பற்றிக் கவலையில்லாத, ஓய்வுபெற்ற தம்பதிகளுக்கு வேறொரு வாய்ப்பு: மாத நடுவில் அறிவிக்கப்படும் ஸ்பான்டேனியஸ் எஸ்கேப்ஸ். அடுத்த மாதப் பயணத்துக்குச் சில தடங்களில் மைல் விலை 30 விழுக்காடுவரை, சில நேரம் அதற்கும் மேல் குறையும். எடுத்தபின் மாற்றவோ திருப்பவோ முடியாது.

நியூயார்க்குக்கு நேரடி விமானத்துல எகானமி காட்டவே மாட்டேங்குது. கோளாறா?

கோளாறு இல்லை. அந்த விமானத்தில் எகானமியே கிடையாது. 2018 அக்டோபரில் மறுபடி தொடங்கிய இந்த இடைநில்லாச் சேவைக்கென்றே வாங்கிய ஏ350-900யூஎல்ஆர் ரகத்தில் 67 பிசினஸ், 94 பிரீமியம் எகானமி இருக்கைகள் மட்டும்தான். 15,000 கிலோமீட்டருக்கு மேல், பதினெட்டு மணி நேரத்தை ஒட்டிய பயணம். அவ்வளவு எரிபொருளைச் சுமக்கவேண்டி ஆட்களைக் குறைத்திருக்கிறார்கள். எகானமி வேண்டுமென்றால் ஃபிராங்ஃபர்ட் வழியாகப் போகும் விமானத்தைத் தேடுங்கள். நடுவில் கால் நீட்டி நடக்கலாம், வயதானவர்களுக்கு உண்மையில் அதுவே மேல்.

மைல்ல போனா இலவசம்னாங்க. இவன் நூத்துக்கணக்குல வெள்ளி கேக்குறானே?

மைல் அடைப்பது இருக்கையின் விலையை மட்டும். விமான நிலையக் கட்டணமும் அரசாங்க வரியும் பணமாகத்தான். சாங்கியிலிருந்து கிளம்பினால் ஆளுக்கு 65 வெள்ளிக்கு மேல். 2017இல் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் தன் சொந்த விமானங்களில் மைல் டிக்கெட்டுக்கு எரிபொருள் கூடுதல் கட்டணத்தை எடுத்துவிட்டது, அதனால் போகும்போது இவ்வளவோடு முடிந்துவிடும். அதே மைலில் கூட்டணியிலுள்ள வேறு நிறுவனத்தின் இருக்கையை எடுத்தால் அந்தக் கூடுதல் கட்டணம் சில இடங்களில் திரும்ப வந்து நிற்கும். கடைசிப் பக்கத்தைப் பார்க்காமல் பொத்தானை அழுத்தாதீர்கள்.

பெரிய அடி பிரிட்டனில். அந்நாட்டிலிருந்து கிளம்பும் பயணிக்கு அரசாங்கம் விமானப் பயணி வரி போடுகிறது. சிங்கப்பூர் தூரத்துக்கு எகானமி தவிர்த்த வகுப்புகளில் 200 பவுண்டுக்கு மேல். எகானமியில் அதில் பாதிக்கும் குறைவு. அங்கே போய் இறங்குபவருக்கு இந்த வரி இல்லை, கிளம்புபவருக்கு மட்டும்.

எடுத்த டிக்கெட்டை ரத்து பண்ணா மைல் திரும்ப வருமா?

கட்டணம் கட்டினால் வரும், வரியும் வரும். அதிலும் ஒரு பொறி உண்டு. டிக்கெட் எடுத்தபோது உயிரோடு இருந்த மைல் இதற்குள் காலாவதி ஆகியிருந்தால் திரும்பி வராது. காலாவதிக்கு இரண்டு நாள் முன் அவசரமாக டிக்கெட் எடுத்தவர்கள் ரத்து செய்யும் முன் யோசிக்க வேண்டும். தேதியை மாற்றுவதே நல்லது.

வருமான வரியைக் கார்டுல கட்டி மைல் வாங்கலாமாமே?

நேராகக் கட்ட முடியாது. கார்ட்அப் (CardUp) போன்ற இடைச்சேவைகள் உங்கள் கார்டில் பிடித்து உள்நாட்டு வருவாய் ஆணையத்துக்குக் கட்டும், அதற்குக் கட்டணம் எடுக்கும். 10,000 வெள்ளி வரிக்கு 1.75 விழுக்காடு என்றால் 175 வெள்ளி. வெள்ளிக்கு 1.4 மைல் கார்டில் சுமார் 14,200 மைல் வரும். ஆக ஒரு மைலின் விலை 1.2 காசு.

அதை எதற்குச் செலவிடப்போகிறீர்கள்? மேலே போட்ட கணக்கின்படி, சாதாரண நாளில் சென்னை எகானமிக்கென்றால் காசு கொடுத்து நட்டம் வாங்குகிறீர்கள். நெடுந்தூரப் பிசினஸுக்கு இன்னும் கொஞ்சம்தான் குறைகிறது என்றால் சரி. உங்கள் வங்கி இந்தச் சேவைக்கு மைல் தருகிறதா என்பதை முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒருத்தர் மைல் விக்கிறார், லண்டன் பிசினஸ் பாதி விலைக்குத் தர்றேங்கிறார். வாங்கலாமா?

வேண்டாம். மைலை விற்பதும் வாங்குவதும் திட்ட விதிக்கு எதிரானது. கண்டுபிடித்தால் டிக்கெட் ரத்தாகும், கணக்கும் போகும். நீங்கள் ஹீத்ரோவில் பெட்டியோடு நிற்கும்போது விற்றவர் போனை எடுக்க மாட்டார்.

பொறுமையா அஞ்சு லட்சம் சேர்த்துட்டு ஓய்வு பெற்றதும் உலகம் சுத்தலாம்னு இருக்கேன். சரிதானே?

மூன்றாண்டுக் காலாவதி ஒருபுறம் இருக்கட்டும். மைல் விலைப்பட்டியலையே நிறுவனம் ஏற்றும். 2022இல் ஏற்றினார்கள், 2025 நவம்பரில் மறுபடி ஏற்றினார்கள். மத்திய சேமநிதியில் போட்டால் வட்டியாவது உண்டு. மைலுக்கு வட்டி எதிர்த்திசையில்.

நானும் அவரும் ஒரே ஒரு தடவை பிசினஸ்ல லண்டன் போகணும். மாசம் மூவாயிரம் வெள்ளி கார்டுல போகுது. எத்தனை வருஷம் ஆகும்?

இருவரிடமும் ஆளுக்கொரு சிறப்புக் கார்டு இருக்கட்டும். ஆளுக்கு 1,000 வெள்ளி அதில், 4,000 மைல். மிச்ச 500 பொதுக் கார்டில், சுமார் 650. ஆக ஆளுக்கு மாதம் 4,650 மைல். செலவெல்லாம் சரியான வகையில் விழுந்தால்தான் இது. போக 1,10,000, வர 1,10,000 என்று வைத்தால் ஆளுக்கு 2,20,000. நான்கு ஆண்டுக்குச் சற்றுக் குறைவு. மாதாமாதம் மைலாக மாற்றி வந்தால் முதலாண்டு மைல் அதற்குள் செத்துவிடும். காலாவதியில்லாத வங்கிப் புள்ளி என்றால் வங்கியிலேயே வைத்துக் கடைசியில் மாற்றலாம். ஆனால் 4 மைல் தரும் கார்டுகளில் பலவற்றுக்குப் புள்ளியே ஓராண்டு, இரண்டாண்டுதான்.

நான் செய்வது வேறு. போகும்போது பிசினஸ், வரும்போது எகானமி. திரும்ப ஆளுக்கு 44,000 என்று வைத்தால் மொத்தம் 1,54,000. அது முப்பத்துமூன்று, முப்பத்துநான்கு மாதத்தில் வந்துவிடும், காலாவதிக்குள். கணக்குகளைச் சேர்க்க முடியாததால் அவரவர் இருக்கையை அவரவர் எடுத்து, தொலைபேசியில் கூப்பிட்டு இரண்டு பதிவையும் இணைக்கச் சொல்லுங்கள். பக்கத்துப் பக்கத்து இருக்கை கேட்கலாம். சாங்கியிலிருந்து நள்ளிரவை ஒட்டிக் கிளம்பும் விமானத்தில் நன்றாகத் தூங்கி, விடியலில் லண்டனில் இறங்குவீர்கள். வரும்போது எகானமி என்பதால் அந்தப் பிரிட்டிஷ் வரியும் பாதிக்கும் கீழே இறங்கிவிடும். மிச்சமாகும் பவுண்டில் சவுத்தாலில் இரண்டு பேருக்கும் நல்ல சாப்பாடு.